எதிர்ப்புச் சக்தி இல்லாத மகனும் எங்கள் கிளினிக் கொப்பியும்

என் மகனுக்கு என்ன நோய் என்று தெரிய வந்ததில் பாதிப் பங்கு என் மாமியாருக்குச் சேர வேண்டும். மீதி ஒரு டோர்ச் லைட்டுக்கு.

2018இல் அவனுக்கு மூன்று வயது. இலங்கை மலையகத்தில் உள்ள ஹட்டனில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன், மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். பிறந்து ஆறேழு மாதம் வரை பிள்ளை கொழுகொழு என்றுதான் இருந்தான். அதற்குப் பிறகு காதில் சீழ், நெஞ்சில் சளி, நிமோனியா என்று ஒன்று விட்டால் ஒன்று. அன்டிபயோட்டிக் கொடுத்தால் சரியாகும், பாட்டில் முடிந்து கொஞ்ச நாளில் திரும்பவும் காய்ச்சல். "பனி ஒத்துக்கல்ல" என்றார்கள். மாரியம்மன் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். தோட்ட டிஸ்பென்சரி, பக்கத்து ஆஸ்பத்திரி, டவுனில் காசு கொடுத்துப் பார்க்கும் டொக்டர் என்று எல்லா இடமும் போனோம். ஒவ்வொருவரும் அன்றைய காய்ச்சலைப் பார்த்து அன்றைய மருந்தைக் கொடுத்தார்கள். முந்தின காய்ச்சலை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்க அவர்களிடம் எந்தக் கடதாசியும் இல்லை.

பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு ஒரு பெரிய டொக்டர் அவன் வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டொன்சில் எப்போது வெட்டினீர்கள்?" என்று கேட்டார். தமிழ் தெரிந்த பயிற்சி டொக்டர் ஒருவர்தான் மாற்றிச் சொன்னார். வெட்டவே இல்லை என்றோம். திரும்பவும் டோர்ச் அடித்தார். பயிற்சி டொக்டர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தொண்டைக்குள் பார்க்கச் சொன்னார். டொன்சில் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கழுத்திலும் கக்கத்திலும் நெறிக்கட்டியைத் தடவித் தேடினார், அதுவும் தட்டுப்படவில்லை. இவ்வளவு தொற்று வந்த பிள்ளைக்கு நெறி வீங்கியிருக்க வேண்டுமாம்.

பிறகு என் மனைவியிடம், அவளுடைய அம்மாவுக்கு எத்தனை ஆண் பிள்ளைகள் என்று கேட்டார். "இல்ல சார், நானும் தங்கச்சியும்தான்" என்றாள். துணைக்கு வந்த மாமி கதவோரம் நின்றவர் அங்கிருந்தே சொன்னார்: "ரெண்டு பேரு இருந்தாங்க சார். மூத்தது ஒம்பது மாசத்துல போயிருச்சு. ரெண்டாவது ஓடித் திரிஞ்ச புள்ள, நெஞ்சுல சளி கட்டி, தோட்டத்து லோரியில ஏத்திக்கிட்டுப் போறப்பவே முடிஞ்சுபோச்சு."

டொக்டர் ஒரு கடதாசியில் பெட்டியும் வட்டமுமாக வரைந்தார். பெட்டி என்றால் ஆண், வட்டம் என்றால் பெண். இரண்டு பெட்டிகளின் மேல் சாய்வாகக் கோடு இழுத்தார். அந்த இரண்டு அண்ணன்மார் பற்றி என் மனைவிக்கே சரியாகத் தெரியாது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இறந்துபோன கைக்குழந்தைகளைப் பற்றி யாரும் பேசிக்கொண்டிருப்பதில்லை. அன்றைக்கு மாமி வீட்டிலேயே நின்றிருந்தால் அந்தப் பெட்டிகள் வரையப்பட்டிருக்காது.

அதனால் முதலில் சொல்ல நினைப்பது இதுதான். பிள்ளைக்கு அடிக்கடி பெரிய தொற்று வருகிறதென்றால், தாய் வழியில் சின்ன வயதிலேயே போன ஆண் பிள்ளைகள் உண்டா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். மாந்தம், தோஷம், நெஞ்சுச் சளி என்று எந்தப் பெயரில் சொன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா, நான்கு தடவையோ அதற்கு மேலோ காதுத் தொற்று, மாதக்கணக்கில் அன்டிபயோட்டிக் கொடுத்தும் பலனில்லை, எடை ஏறவில்லை என்றால், எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்க வேண்டுமா என்று டொக்டரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். சாதாரண ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதை வைத்து நிம்மதியடைந்துவிட முடியாது. என் மகனுக்கும் அப்படித்தான் வந்தது. இம்யூனோகுளோபுலின், அதாவது ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி, அளவு என்று தனியாக ஒரு பரிசோதனை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு பி செல் எண்ணிக்கை பார்ப்பதற்காக ரத்தத்தைக் கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள்.

நோயின் பெயர் வாயில் நுழையாது. எக்ஸ்-லிங்க்ட் அகாமாகுளோபுலினீமியா. கிளினிக்கில் எக்ஸ்.எல்.ஏ. என்பார்கள். கிருமியை அடையாளம் கண்டு அழிக்கும் ஆன்டிபாடியைச் செய்வது பி செல்கள். ஒரு மரபணு பழுதானதால் அந்த செல்கள் இவன் உடம்பில் வளர்வதே இல்லை. டொன்சில் என்பதே பெரும்பாலும் அந்த செல்களால் ஆனது, அதனால்தான் அதுவும் இல்லை. முதல் ஆறு மாதம் நன்றாக இருந்ததற்கும் காரணம் உண்டு. வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து வாங்கிக்கொண்ட ஆன்டிபாடி அதுவரைக்கும் தாங்கும். 1952இல் ஒக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ டொக்டர் எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் இதைக் கண்டுபிடித்தார். பிறருடைய ஆன்டிபாடியை ஊசியாகக் கொடுத்துப் பார்த்ததும் அவர்தான். இன்றைக்கும் வைத்தியம் அடிப்படையில் அதுவேதான். பழுதான மரபணு எது என்று தெரிந்தது 1993இல்.

அந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும், அவளுக்கு நோய் வராது. பையனுக்கு இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் தாயிடமிருந்து வந்தது. இதை டொக்டர் விளக்கியபோது நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் எதிர்பார்த்த பேச்சு என் பக்கத்துச் சொந்தத்திலிருந்து வந்தது. "அவங்க வழியில வந்த சீக்கு." அப்பா வழியில் சீனி வியாதி வந்தால் யாரும் அப்பாவைத் திட்டுவதில்லை. அம்மா வழியில் வந்தால் மட்டும் ஏன் குற்றமாகிறதென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் கொடுக்க என்னிடம் வழியே இல்லை, அதனால்தான் நான் தப்பினேன், அவ்வளவுதான். இதை நான்கு பேர் முன்னால் உரத்துச் சொல்ல வேண்டியவர் தகப்பன். தாய் சொன்னால் சமாதானம் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள்.

இதைவிட மோசமான பேச்சு இன்னொன்று. "எதிர்ப்புச் சக்தி இல்லாத நோய்" என்று யாரோ அரைகுறையாகக் கேட்டு, எயிட்ஸ் என்று லயம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் எங்கள் பெண் பிள்ளையை, அவன் தங்கையை, தனியாக உட்கார வைத்த நாளும் உண்டு. கோபப்பட்டுப் பலனில்லை. மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொன்னோம். அவர் லயத்துக்கு வந்து இஸ்தோப்பில் நாலு பெண்களை வைத்துக்கொண்டு, "இது பொறவியிலேயே உள்ள கொறை. இவன்கிட்ட இருந்து உங்களுக்கு ஒண்ணும் ஒட்டாது, உங்ககிட்ட இருந்துதான் இவனுக்கு ஒட்டும்" என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தோடு பேச்சு அடங்கியது. சொல்கிற வாயும் முக்கியம். நாங்கள் சொன்னபோது நம்பாதவர்கள் வெள்ளை உடுப்புச் சொன்னதும் நம்பினார்கள்.

இனி மருந்து விஷயம். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு தடவை இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவைச் சேர்த்துப் பிரித்தெடுப்பது இது. உடம்பில் ஏறியதில் பாதி ஏறக்குறைய மூன்று வாரத்தில் கரைந்துவிடும். அதனால்தான் நாள் தள்ளக்கூடாது. அளவு எடையைப் பொறுத்தது, ஒரு கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம். 14 கிலோ பிள்ளைக்கு 5.6 கிராமிலிருந்து 8.4 கிராம் வரை வரும். பிள்ளை வளர வளர அளவும் ஏற வேண்டும். கூட்டமான கிளினிக்கில் பழைய அளவே தொடர்ந்து எழுதப்படலாம். ஒவ்வொரு முறையும் எடையைப் பார்த்து, "இந்த எடைக்கு இந்த அளவு போதுமா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. மருந்து ஏற்றுவதற்கு முன்பு ரத்தம் எடுத்து ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடியின் அளவு பார்ப்பார்கள். போன மருந்து தீரப்போகும் நேரத்தில் மிச்சம் எவ்வளவு என்று அதில் தெரியும். லீட்டருக்கு 5 கிராமாவது இருக்க வேண்டும், நெஞ்சு பழுதான பிள்ளைக்கு இன்னும் கூடுதலாக வைக்கப் பார்ப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாள் தள்ளிப்போனால் என்ன ஆகிறதென்று அந்த எண் காட்டிவிடும்.

ஏற்றும் நாளில் விடியற்காலை பஸ். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனை. மழைக்காலத்தில் எங்காவது மண் சரிந்து ரோட்டை மூடியிருக்கும், அதனால் எப்போதும் இரண்டு நாளுக்கான உடுப்பும் மருந்தும் பையில் இருக்கும். டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலை சீசன், ஹட்டன் பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமிருக்காது. அந்த மாதங்களில் முதல் பஸ்ஸுக்கே போய் ஜன்னல் ஓரம் பிடித்துவிடுவோம். கொரோனாவுக்குப் பிறகு ஒரு நல்லது, பிள்ளைக்கு மாஸ்க் போட்டால் யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை.

பனியில் வந்து இறங்கும் பிள்ளையின் கை ஐஸ் மாதிரி இருக்கும். நரம்பு கண்ணுக்கே படாது. நர்ஸ் மிஸ்ஸி குத்தி எடுத்து, குத்தி எடுத்து, பிள்ளை அலறி, மற்றக் கையையும் குத்தி... ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் இதே கூத்துதான். மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். வார்டுக்குள் போன உடனே அவனுடைய இரண்டு கையையும் தன் ஸ்வெட்டருக்குள் விட்டு அக்குளில் இறுக்கி வைத்துக்கொண்டு கதை சொல்ல ஆரம்பிப்பாள். கை சூடானதும் நரம்பு பச்சையாக மேலே எழும்பும், பெரும்பாலும் முதல் குத்திலேயே முடிந்துவிடும். முதல் நாளே நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுப்பதும் உதவுகிறது, மருந்துக்குப் பிறகு வரும் தலையிடியும் அதனால் குறைகிறது. வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போக வேண்டாம், பாணும் பருப்புமாவது கொடுங்கள்.

பிரிட்ஜிலிருந்து எடுத்த போத்தலைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துத்தான் ஏற்றுவார்கள். குலுக்கக்கூடாது, நுரைத்துவிடும். ஆரம்பத்தில் மிக மெதுவாக விட்டு, நாடியும் காய்ச்சலும் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். வேகம் கூடும்போது குளிர் நடுக்கம், தலையிடி, வாந்தி வரலாம். பெரும்பாலும் வேகத்தைக் குறைத்தாலே நின்றுவிடும். ஆனால் பிள்ளைக்குத் தன் உடம்பில் என்ன நடக்கிறதென்று சொல்லத் தெரியாது. என் மகன் சத்தமில்லாமல் போர்வையை இழுத்துக்கொண்டால் நடுக்கம் தொடங்குகிறது என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அது தெரியும், உடனே மிஸ்ஸியைக் கூப்பிட வேண்டும். "கொஞ்சம் பார்ப்போம்" என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். அன்றைக்குக் காய்ச்சல் இருந்தால் ஏற்றத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், தொற்று இருக்கும்போது இந்த நடுக்கம் அதிகமாக வரும்.

இப்போது கிளினிக் கொப்பி. ஆஸ்பத்திரியில் தரும் கொப்பி ஒன்று உண்டு. அது போக நாங்கள் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் டொக்டர் எழுதித் தந்த கடிதம், பிளாஸ்டிக் உறைக்குள். நோயின் பெயர், ஏற்றும் மருந்து, அளவு, எந்த அன்டிபயோட்டிக் ஒத்துக்கொள்ளாது, எந்தத் தடுப்பு மருந்து கூடாது, காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டியது, கிளினிக் தொலைபேசி இலக்கம். ஆங்கிலத்தில் இருப்பதால் எந்த ஆஸ்பத்திரியில் நீட்டினாலும் வாசிப்பார்கள். அதற்குப் பின் பக்கங்களில் ஒவ்வொரு தடவையும் திகதி, எடை, அளவு, போத்தலில் ஒட்டியிருக்கும் பெட்ச் இலக்கம், பக்கவிளைவு. இதையே போனில் படம் எடுத்து எனக்கும் மனைவிக்கும் மாமிக்கும் வைத்திருக்கிறோம். சிங்களத்தில் சொல்ல வேண்டிய நாலு வாக்கியம் மனைவிக்கு மனப்பாடம்.

ஏன் இவ்வளவு? டொக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பயிற்சி முடிந்து போவார்கள், இடமாற்றம் வரும், இந்த சில வருடங்களில் வெளிநாட்டுக்கும் நிறையப் பேர் போய்விட்டார்கள். ராத்திரியில் ஓடும் சின்ன ஆஸ்பத்திரியில் இந்த நோயைப் புத்தகத்தில் மட்டும் பார்த்த இளம் டொக்டர் இருப்பார். அது அவர் குற்றமில்லை. ஒரு ராத்திரி அப்படித்தான், "வைரஸ் காய்ச்சல், பனடோல் குடுத்துட்டு நாளைக்கு வாங்க" என்று அனுப்பப் பார்த்தார்கள். கடிதத்தை நீட்டினேன். வாசித்தவர் போனை எடுத்துப் பெரிய டொக்டரோடு பேசினார், அரை மணி நேரத்தில் ஊசி மருந்து ஏறியது. நான் வாயால் சொன்னபோது என்னை ஓரமாக நிற்கச் சொன்ன அதே ஆள்தான்.

எங்கள் வீட்டுச் சட்டம்: 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் தாண்டினால் விடியும்வரை காத்திருப்பதில்லை. புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், தெர்மோமீட்டர் வாங்கி வையுங்கள். என்னிடம் ஆட்டோ இருக்கிறது. இல்லாதவர்கள் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணிச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடலாம், காசில்லை. ஆனால் தோட்டத்தின் டிவிசன் பெயரைச் சொன்னால் அவர்களுக்கு வழி பிடிபடாது. பெரிய ரோட்டில் எந்தச் சந்தி, எந்தக் கோயில், எந்தக் கடை என்று சொல்லி, டோர்ச்சோடு ஒரு ஆளை அங்கே நிறுத்துங்கள்.

பரிசோதனை விஷயத்திலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு காய்ச்சலுக்கு வெளி லேப்பில் டெங்கு ஆன்டிபாடி பார்த்தோம். பழைய டெங்கு என்று வந்தது. அவனுக்கு டெங்கு வந்ததே இல்லை. ஏற்றிய மருந்தில் இருந்த பிறருடைய ஆன்டிபாடிதான் அது. மறுபக்கம், உண்மையில் டெங்கு வந்தாலும் இவன் உடம்பு ஆன்டிபாடி செய்யாததால் அந்தப் பரிசோதனை இல்லை என்று காட்டலாம். இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கிருமியையே தேடும் என்.எஸ்.1 மாதிரியான பரிசோதனை வேண்டும், அதுவும் காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாளுக்குள். மஞ்சள் காமாலை ஆன்டிபாடி பரிசோதனைகளுக்கும் இதே கதைதான். லேப்பில் ரத்தம் கொடுக்கும்போது மருந்து ஏற்றிய திகதியைச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டை வாசிக்கும் டொக்டருக்கும் நினைவூட்டுங்கள்.

தடுப்பு மருந்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் லயன் வாழ்க்கையில் இது தனிச் சிக்கல். இங்கே பிள்ளைகளுக்கு 2, 4, 6 மாதங்களிலும், பிறகு ஒன்றரை வயதிலும், 5 வயதிலும் வாயில் சொட்டு விடும் போலியோ மருந்து கொடுக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு அது நல்ல மருந்து. இலங்கையில் கடைசியாகப் போலியோ வந்தது 1993இல் என்றால் அதற்குக் காரணம் இந்த மருந்துதான். ஆனால் சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். எதிர்ப்புச் சக்தி இல்லாத குடலில் அது மாதக்கணக்கில் தங்கி, மறுபடி வலுப்பெற்றுப் பிள்ளையையே முடக்கலாம். ஆகவே இவனுக்குச் சொட்டு மருந்து கூடாது. கூடப்பிறந்தவர்களுக்கும் கூடாது, அவர்களுக்கு ஊசிப் போலியோ மருந்து போட வேண்டும். தட்டம்மை ஊசி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி போன்ற உயிருள்ள மருந்துகளையும் கிளினிக் டொக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. எம்.ஓ.எச். என்ற சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதி வாங்கினோம். முதலாம் ஆண்டில் சேர்த்தபோது பள்ளிக்கூடத்துக்கும் அதே கடிதம் போனது.

சரி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுத்தால்? அந்த வைரஸ் சில வாரம் அந்தக் குழந்தையின் மலத்தில் வெளியேறும். எங்கள் லயத்தில் பல வீட்டுக்கு ஒரே கக்கூஸ், தண்ணீர் பிடிக்க ஒரே பீலி, வாசலில் ஒரே சாக்கடைக் கான். அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் மருந்து கொடுக்காதே என்று சொல்ல முடியுமா? சொல்லவும் கூடாது. லயத்தின் கடைசியில், தொங்கல் வீட்டுக்குப் பின்னால், எங்களுக்கென்று ஒரு குழிக் கக்கூஸ் கட்டிக்கொண்டோம். தோட்டத்தை நடத்தும் துரை முதலில் முடியாது என்றார், பிறகு டொக்டரின் கடிதத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். குழந்தை உள்ள வீடுகளில் நாப்கின் கழுவிய பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். பெரும்பாலானோர் கேட்டார்கள்.

பீலித் தண்ணீர் மேலே மாட்டுப்பட்டியைத் தாண்டி வருவது. ஒரு சமயம் வயிற்றோட்டம் வாரக்கணக்கில் நிற்காமல், ஜியாடியா என்று கண்டுபிடித்தார்கள். இந்த நோய்க்காரரின் குடலில் அது எளிதில் குடியேறும். குளோரினுக்கு அது அவ்வளவாகச் சாகாது, கொதிக்க வைத்தால் செத்துவிடும். குடிக்கவும் பல் தேய்க்கவும் கொதிக்க வைத்த தண்ணீர்தான், பல் தேய்ப்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். அடுப்பும் அப்படித்தான். ஒரே காம்பராவில் விறகு அடுப்பு எரிந்தால் நெஞ்சு பழுதான பிள்ளைக்கு அது தினமும் சிகரெட் குடிப்பதற்குச் சமம். அடுப்பைப் பின்பக்கம் தகரக் கொட்டகைக்கு மாற்றினோம். மாமிக்குக் குளிர் காய முடியாமல் போனதில் கொஞ்சம் வருத்தம்.

நெஞ்சு பழுது என்று சொன்னேனே. சளி திரும்பத் திரும்பக் கட்டியதால் அவனுடைய சுவாசக் குழாய்கள் சில விரிந்து தளர்ந்துவிட்டன. பிரொங்கியெக்டேசிஸ் என்பார்கள். அது திரும்பாது, மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம். காலையில் சாப்பிடும் முன் தலையணை மேல் குப்புறப் படுக்க வைத்து, உள்ளங்கையைக் கிண்ணம் போலக் குவித்து முதுகில் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் 'பொக் பொக்' என்று வெற்றுச் சத்தம் கேட்கும், தட்டையாகப் பட்டால் 'பட்' என்று கேட்டு வலிக்கும். பிசியோதெரபி மிஸ் என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். இது என் வேலை, மனைவி கொழுந்து மலைக்குப் போன பிறகு நான் தட்டிவிட்டுத்தான் ஆட்டோவை எடுப்பேன். சளி பச்சையாக மாறினால் கிளினிக்குக்குப் போன் போகும்.

2022இல் எல்லாம் சேர்ந்து வந்தது. மருந்துத் தட்டுப்பாடு, பெற்றோல் இல்லை. பெற்றோலுக்குக் கியூ.ஆர். பங்கீடு வந்த பிறகு ஆட்டோவுக்கு வாரம் 5 லீட்டர், பேராதனைக்கு ஒரு தடவை போய்வந்தால் முடிந்தது, உழைக்க மிச்சமில்லை. இம்யூனோகுளோபுலின் சில தடவை தள்ளிப்போனது. டொக்டர் தினசரி அன்டிபயோட்டிக்கில் தாக்குப்பிடிக்கச் சொன்னார். கொப்பியில் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் ஐ.ஜி.ஜி. எண் படிப்படியாக இறங்குவதும், பின்னாலேயே காய்ச்சல் வருவதும் அப்படியே தெரியும். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் நாட்டுக்குள் வாங்கப்பட்ட விவகாரம் வெடித்தது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கைதானதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தார்கள். நாங்கள் பார்த்தது எங்கள் கொப்பியை, பெட்ச் இலக்கங்களை. இலக்கத்தை டொக்டரிடம் காட்டிக் கேட்டோம், அவர் சரிபார்த்துச் சொன்ன பிறகுதான் மனைவி சாப்பிட்டாள். பயந்துபோய் மருந்தையே நிறுத்திவிடலாமா என்று அப்போது சில பெற்றோர் யோசித்தார்கள். நிறுத்தினால் நடப்பது என்னவென்று மாமிக்குத் தெரியும்.

காசைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். மற்றதெல்லாம் நம் கையிலிருந்து. கிளினிக் நாளில் மனைவிக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய நாட்சம்பளம் கிடையாது, 2021இல் அது 1000 ரூபாய், 2024இல் 1350. என் ஓட்டமும் போகும். மாதம் பிறந்ததும் கிளினிக் செலவை முதலில் ஒதுக்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிடுவோம். சீட்டுக்காசைக்கூட அதற்குப் பிறகுதான் கட்டுவது.

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு முன் வாங்கு. ஆஸ்பத்திரியில் கேட்கும் திறன் சோதித்துப் பார்த்ததில் இடது காது மந்தம் என்று தெரிந்தது, சீழ் வந்து வந்து அப்படி ஆகிவிட்டது. வகுப்பில் யாருக்காவது கொப்புளிப்பானோ தட்டம்மையோ வந்தால் அன்றைக்கே போன் பண்ணச் சொல்லி டீச்சரிடம் கேட்டிருக்கிறோம். மற்றபடி விளையாட விட்டிருக்கிறோம். மழையில் நனைந்து வருவான், திட்டு வாங்குவான், கிரிக்கெட்டில் அவுட் ஆனால் ஒத்துக்கொள்ளவே மாட்டான். சளியும் காய்ச்சலும் வரும் என்று பயந்து வீட்டுக்குள் பூட்டி வைக்க டொக்டரும் சொல்லவில்லை, நாங்களும் நினைக்கவில்லை. மருந்து ஏறும் காரணமே அவன் வெளியே போகத்தான்.

அவனுடைய தங்கைக்கு இப்போது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவளும் அந்த மரபணுவைச் சுமக்க இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. வளர்ந்ததும் அவளுக்குச் சொல்வோம், கல்யாணப் பேச்சுக்கு முன்பு. மறைத்து வைக்கலாம் என்று சொன்ன சொந்தக்காரர்கள் உண்டு. மாமி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

போன வருடம் மாமியின் தங்கச்சி மகள், வேறு தோட்டத்தில் கட்டிக்கொடுத்தவள், பிள்ளை உண்டாகியிருந்தாள். மாமி கொப்பியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப்போய் அவளையும் புருஷனையும் உட்கார வைத்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்பே கிளினிக்கில் சொல்லி வைத்தார்கள். ஆண் குழந்தை. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் தாயின் ஆன்டிபாடி இருக்கும் என்பதால் ஐ.ஜி.ஜி. பார்த்துப் பிரயோசனமில்லை, பி செல்தான் பார்க்க வேண்டும். ரிப்போர்ட் வரும்வரை சொட்டு மருந்தை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். பி செல் சரியாக இருந்தது. பிறகு எல்லாத் தடுப்பு மருந்தும் மற்றப் பிள்ளைகளைப் போலவே போட்டார்கள்.